புறவாசலில் ஓடிய வண்டி

தொபியாஸ் வண்டிக்கு இன்ஜின் மாற்றிய வருஷம் என்று சொன்னால் சந்தியாகுவிளையில் இன்றைக்கும் எல்லோருக்கும் கணக்குப் புரியும். அந்த வருஷம்தான் உப்பு மலை மலையாய் விளைந்தது, அந்த வருஷம்தான் கோயில் கொடிமரத்துக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தது, அந்த வருஷம்தான் சலேத்தம்மாள் வீட்டுப் புறவாசலில், கோழிக்கூட்டுக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிக்கப் வண்டி காலை முதல் சாயந்திரம் வரை ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குத் தெரிந்த வண்டி அவள் வீட்டுக்காரர் தொபியாஸ் ஓட்டுகிற வண்டி. இருபத்திரண்டு வருஷத்துப் பழசு. அளத்திலிருந்து உப்பு மூட்டை ஏற்றி டவுனில் இருக்கிற அரவை மில்லுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரும், ஒரு நாளைக்கு மூன்று நடை. உப்பு ஏற்றுகிற வண்டிக்கு ஆயுசு கம்மி, அதிலும் சைலன்சருக்கு ரொம்பக் கம்மி, வருஷத்துக்கு ஒரு தடவை அது ஓட்டை விழும், வருஷத்துக்கு ஒரு தடவை சலேத்தம்மாளின் அண்ணன் கஸ்பார், மெயின்ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற கஸ்பார், கையில் என்ன கிடைக்கிறதோ அதை வெட்டி ஒட்டுப் போட்டு வெல்டிங் வைத்துவிடுவார். ஒரு வருஷம் எண்ணெய் டின், ஒரு வருஷம் கோயில் மாதா கெபிக்கு வேய்ந்து மிஞ்சின கூரைத் தகரம், ஒரு வருஷம் அவர் மனைவி கேக் வைத்திருந்த டப்பாவின் மூடி. இப்படி இருபத்திரண்டு ஒட்டுப் போட்ட பிறகு அந்தச் சைலன்சரில் ஒட்டுதான் இருந்தது, சைலன்சர் இல்லை. அதனால் அந்த வண்டிக்கு ஒரு சத்தம் உண்டு. டபடபவென்று தொடங்கி, நடுவில் ஒரு விக்கல் விக்கி, பிறகு யாரோ பெரிய அண்டாவைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி இறங்கும். ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போதே கஸ்பார் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தேயிலையைப் போட்டுவிடுவார். தொபியாஸ் வந்து நிற்பதும் டீ பொங்குவதும் ஒன்றாக இருக்கும். கஸ்பார் எழுந்து வெளியே வருவார், "என்ன மாப்ள" என்பார், தொபியாஸ் "என்ன மச்சான்" என்பார், இருபத்திரண்டு வருஷமாக அதற்குமேல் அவர்கள் அதிகம் பேசினதும் இல்லை.

இன்ஜின்தான் பாவம், களைத்துப்போயிற்று. ஓடைப் பாலத்து மேட்டில் முப்பது மூட்டையோடு அது ஏறுகிறபோது, அளத்து வேலை முடிந்து நடந்துபோகிற பெண்கள் அதை முந்திப் போவார்கள். போகிறவர்கள் சும்மா போவார்களா? "அண்ணாச்சி, நாங்க வேணா மூட்டைய ஆளுக்கு ஒண்ணா தூக்கிக்கிடவா? வண்டி பின்னால மெதுவா வரட்டும்" என்பார்கள். தொபியாஸ் சிரித்துக்கொள்வார். புகை பார்க்கிற ஆபீசர் சிரிக்கவில்லை, அடுத்த தடவை இந்தப் புகையோடு வந்தால் எஃப்சி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

கஸ்பாரிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தொபியாஸுக்குத் தெரியும். "இன்னும் பத்து வருஷம் ஓடும் வே" என்பார், ஒரு நட்டை முறுக்கிவிடுவார், அது ஒரு மாசம் ஓடும். நீ வளர்த்த இன்ஜின் செத்துப்போச்சு மச்சான் என்று முகத்துக்கு நேரே சொல்ல தொபியாஸுக்கு வாய் வரவில்லை. வாய் வராத மனுஷன் ஒரு காரியம் செய்தார். பைபாஸ் ரோட்டில் இருக்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில், யாருக்கும் சொல்லாமல், வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, அதே கம்பெனியின் பிந்தின வண்டியில் வருகிற டர்போ இன்ஜினை ஏற்றுவது, ரேடியேட்டர் பெரிசாகப் போடுவது, பின்னால் வாய் அகலமான புது ஸ்டீல் சைலன்சர் மாட்டுவது, ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்றி எழுதுவது என்று பேச்சு. இரண்டு நாளில் தருகிறோம் என்றார்கள், ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாளுக்குள் மே மாசம் ஒண்ணாம் தேதி வந்துவிட்டது. இதைத்தான் தொபியாஸ் மறந்துபோனார், இதை மறக்கிறவன் இன்னொருத்தன் இந்த ஊரில் பிறக்கவில்லை. மே ஒண்ணு, தொழிலாளியான சூசையப்பர் திருநாள். அன்றைக்குக் கஸ்பார் ஒர்க்‌ஷாப் வாசலில் சுற்றுவட்டாரத்து வண்டியெல்லாம் வரிசைகட்டி நிற்கும், பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார், இருபத்தோரு வருஷமாக முதல் தெளி தொபியாஸ் வண்டிக்குத்தான். அந்த வருஷமும் கஸ்பார் மாலை வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். சாமியார் வந்து தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "முதல் வண்டி எங்கப்பா?" என்று கேட்டார். கஸ்பார் ரோட்டைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருத்தர், நல்ல மனசோடுதான், "தொபியாஸ் அண்ணாச்சி வண்டியா? அது பைபாஸ் ஒர்க்‌ஷாப்புல இன்ஜின் இல்லாமக் கிடக்கு, நேத்துதான் பாத்தேன்" என்றார்.

கஸ்பார் இன்னொரு தடவை ரோட்டைப் பார்த்தார். கையில் இருந்த மாலையைப் பக்கத்தில் இருந்த காற்றடிக்கிற மிஷினுக்குப் போட்டார். சாமியாரும் வேறு வழியில்லாமல் அந்த மிஷினுக்கே முதல் தீர்த்தம் தெளித்தார். அன்றைக்குச் சாயந்திரமே கஸ்பார் தன் வேலை மேஜையைத் திருப்பிப் போட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாசம் பெனிட்டாவுக்குக் கல்யாணம். பெனிட்டா சலேத்தம்மாளின் கடைசி மகள். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் வீட்டுக்கு வந்து மாலை போடாமல் பெண் வாசல்படி இறங்கமாட்டாள், இறங்கினால் ஊர் வாய் இறங்காது. மாமன் என்று இருப்பதோ ஒரே மாமன். அந்த மாமன் ரோட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார், அப்பன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். சலேத்தம்மாள் யாரிடம் போவாள்? மாதா படத்துக்கு முன்னால் முட்டிபோட்டு, "அம்மா, ரெண்டு கிழவன்மாருக்கும் கொஞ்சம் புத்தியக் குடு. என் அண்ணனுக்குக் கொஞ்சம் கூடக் குடு. இல்ல, எங்க வீட்டு அவியளுக்கே கூடக் குடு, தப்பு இங்கதான்" என்று நியாயமாகப் பிரித்துக் கேட்டாள்.

வண்டி வந்தது. சத்தமே இல்லை. பூனை கூடத்தில் நடக்கிற மாதிரி வந்து வாசலில் நின்றது. பின்னால் ஒரு மூட்டை போலப் பழைய சைலன்சரும் வந்தது. பழைய இன்ஜினை எடுத்துக்கொண்ட ஒர்க்‌ஷாப்காரர்கள் இதைத் தொடக்கூட இல்லையாம். தொபியாஸ் அதைப் புறவாசலில் போட்டார். கோழிக்கூட்டில் கீரிப்பிள்ளை நுழைகிற ஒரு சந்து இருந்தது, சலேத்தம்மாள் அதை அந்தச் சந்துக்கு முட்டுக் கொடுத்து வைத்தாள்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குத் தொபியாஸ் வாசலில் சாவியைத் திருகினார். வாசலில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. புறவாசலில் டபடபவென்று தொடங்கி, நடுவில் ஒரு விக்கல் விக்கி, அண்டா படிக்கட்டில் உருண்டது. கோழி நான்கும் முருங்கை மரத்தில் ஏறின. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சலேத்தம்மாள் திரும்பிப் பார்த்து, குரைக்கிற நாயை அதட்டுகிற மாதிரி, "சும்மா கெட, பெனிட்டா தூங்குதா" என்றாள். அது சும்மா கிடக்கவில்லை. தெருவில் வண்டி முதல் கியரில் போனது, இது முதல் கியரில் உறுமியது. வண்டி கண்ணுக்கு மறைந்தது, இது இரண்டாவதுக்கு மாறியது. வண்டி எத்தனை மைல் போனாலும் சத்தம் இங்கே கோழிக்கூட்டுப் பக்கத்திலேயே இருந்தது.

பக்கத்து வீட்டு எலிசம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னக்கா, அண்ணாச்சி புறவாசல் வழியாவா போறாவ?"

"இல்லட்டி. அவிய போயி அரை மணி நேரம் ஆச்சு. சத்தத்த இங்க விட்டுட்டுப் போயிட்டாவ."

"அதானே பாத்தேன்" என்று எலிசம்மா இட்லிக்கு ஊற்றப் போய்விட்டாள். பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் அதிசயம் பார்க்க வரவில்லை, தன் வீட்டுக்காரர் அன்றைக்கு மட்டும் மூட்டை தூக்க அதே வண்டியில் போயிருக்கிறாரே, மத்தியானச் சோற்றுக்கு வருவாரா மாட்டாரா என்று தெரிந்துகொள்ள வந்தாள். சலேத்தம்மாள் காதை வைத்துக் கேட்டு, "மில்லுக்குள்ள நிக்கிறாவ, இன்ஜின் ஓடுது, எடை மேடையில வரிசை போல. நீ ஒல வைக்காத, ஒரு மணி ஆகும்" என்றாள். ஒரு மணி ஆயிற்று. அன்றிலிருந்து அந்தப் புறவாசலில் நான்கு நாற்காலி நிரந்தரமாகப் போடும்படி ஆகிவிட்டது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், ஒரு புதுக் குழாயடியை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. இரண்டாவது நடை ஓடைப் பாலம் ஏறுகிற சத்தம் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுபோகிற நேரம். மூன்றாவது நடை கிளம்பினால் துணி எடுக்கிற நேரம். ஒரு பையன் அதைச் செல்போனில் பிடித்துப் பார்த்தான், கோழி கொக்கரிப்பதும் எலிசம்மா தன் மாமியாரைப் பற்றிப் பேசுவதும் தெளிவாகப் பதிந்திருந்தன, வண்டிச் சத்தம் பதியவில்லை, எலிசம்மா பயந்துபோய் அதை அழிக்கச் சொன்னாள். பங்குச்சாமியார் வந்து கொஞ்ச நேரம் குனிந்து கேட்டார். "ஞாயித்துக்கிழமை ஓடுதா?" என்றார். "வண்டிக்கு லீவு சாமி, அன்னைக்கு இதுவும் பேசாது" என்றாள் சலேத்தம்மாள். "அப்போ நம்ம பூசைக்கு இடைஞ்சல் இல்லை" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிலுவை வரைந்துவிட்டுப் போனார்.

சலேத்தம்மாள் பத்தாம் வகுப்புப் படித்தவள் இல்லை, கடிகாரம் பார்ப்பதைவிட ஜெபமாலை உருட்டுவது அவளுக்கு வசதி. வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மணியை உருட்டி உருட்டி அவள் ரோட்டையே மனப்பாடம் செய்துவிட்டாள். ஒரு ஜெபமாலை மணிக்கு ஒரு ஜெபமாக, வீட்டிலிருந்து ரயில்வே கேட்டுக்கு இருபது அருள்நிறைந்த மரியே. கேட் சாத்தியிருந்தால் ஒரு முழு ஜெபமாலை, ஐம்பத்து மூன்று மணி. அங்கிருந்து டவுன் எல்லை வரைக்கும் முப்பது. எல்லையில் ஒரு இடத்தில் மட்டும், தினமும், வண்டி மொத்தமாக அணையும். மூன்று அருள்நிறைந்த மரியே, பிறகு மறுபடி கிளம்பும். அந்த இடத்தில் என்ன இருக்கிறது? பேக்கரி இருக்கிறது. பேக்கரியில் என்ன இருக்கிறது? தொபியாஸுக்குச் சர்க்கரை இருநூற்று அறுபது, டாக்டர் இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்றிருக்கிறார்.

அன்றைக்கு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே, "மக்ரூன் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

தொபியாஸின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. "எந்த மக்ரூன்?"

"இன்னைக்குத் தின்ன மக்ரூன். மூணு மரியே நேரத்துல ரெண்டுதான் திங்க முடியும். மூணு தின்னா விக்கும்."

"உனக்கு எவன் சொன்னான்?"

"உங்க சைலன்சர்."

தொபியாஸ் நம்பவில்லை. எப்படி நம்புவார்? வண்டி ஓடுகிறபோது அவர் வண்டியில் இருக்கிறார், அவர் வீட்டில் இருக்கிறபோது வண்டி ஓடுவதில்லை, வண்டியை இன்னொருத்தர் கையில் கொடுக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. ஊரே கேட்ட சத்தத்தைக் கேட்காத ஒரே ஆள் வண்டிக்காரர்தான். புறவாசலுக்குப் போய் அந்தத் துருப்பிடித்த தகரத்தை ஒரு உதை உதைத்துப் பார்ப்பார், அது பேசாமல் கிடக்கும். "பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுக் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார்.

மக்ரூனைக் கண்டுபிடித்தவளுக்கு இன்னொன்றைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மூன்றாவது நடை முடிந்து வெறும் வண்டியாகத் திரும்பி வருகிறபோது, ரயில்வே கேட்டுக்கு அப்புறம், ஜெபமாலையின் எட்டாவது மணியில், வண்டி நிற்கும். அணையாது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், டப், டப், ஒரு விக்கல், டப், டப். பத்து மணி முழுசாக உருளும். பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி கிளட்ச் விட்டு, வண்டி மெதுவாக வீட்டுக்கு வரும். கேட்டிலிருந்து எட்டாவது மணி. சலேத்தம்மாள் மனசால் அந்த ரோட்டில் நடந்து பார்த்தாள். கள்ளிச்செடி, சிலுவை வைத்த சின்னக் குரிசடி, பஞ்சர் கடை, அதற்கடுத்து அவள் அண்ணன் ஒர்க்‌ஷாப்.

அவள் அன்றைக்கு ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அழுதது சந்தோஷமா துக்கமா என்று எலிசம்மாவுக்குப் புரியவில்லை, அவளும் கூட அழுதுவிட்டு, பிறகு காரணம் கேட்டாள்.

தினமும் நிற்கிறார். தினமும் இறங்காமல் வருகிறார். ஹாரன் அடித்தால் கூப்பிட்டதாக ஆகிவிடும், கூப்பிட்டால் பணிந்ததாக ஆகிவிடும் என்று நிற்கிறார். அண்ணன் எப்போதும் போலத் தானாக எழுந்து வெளியே வந்து "என்ன மாப்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நிற்கிறார். அண்ணன் வரவில்லை. அவ்வளவு கல் நெஞ்சா அவனுக்கு?

கோயிலில் பெனிட்டா கல்யாணத்துக்கு, இன்னாருக்கு இன்னார் என்று ஊரறியச் சொல்லுகிற முதல் ஓலை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. மூன்று ஓலை முடிந்தால் அந்தப் புதன்கிழமை கல்யாணம். கஸ்பார் முதல் பூசைக்கு வந்துவிட்டுப் போய்விடுவார், தொபியாஸ் இரண்டாவது பூசைக்குத்தான் போவார், இரண்டாவது ஓலை ஞாயிறன்று இரண்டுக்கும் நடுவில் கோயில் முற்றத்தில் சலேத்தம்மாள் அண்ணன் மனைவியான மதினியைப் பிடித்தாள்.

"மதினி, அண்ணன் மாலை போட வருமா வராதா?"

"எங்கிட்ட கேக்காத சலேத்தா. உன் வீட்டுக்காரர் ஒரு நாளாவது எங்க வாசல்ல வந்து நின்னாரா? உங்க அண்ணன் தினமும் சாயந்திரம் ஸ்டவ்வுல தண்ணிய வச்சிக்கிட்டுக் காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காவ. தண்ணி வத்திப்போவுது. ஆறு மணிக்குக் கவுத்துட்டு வாராவ."

"தினமும் நிக்காவ மதினி! இருபது நாளா நிக்காவ!"

"நின்னா கேக்காதா? அந்த வண்டி வந்தா ஊரே அதிருமே!"

"வண்டி இப்ப சத்தம் போடாது மதினி. சத்தம் எங்க வீட்டுப் புறவாசல்ல கெடக்கு."

"அந்தக் கதையெல்லாம் எங்க வீட்டுல எடுபடாது, தாயி" என்று மதினி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் சலேத்தம்மாளுக்கு எல்லாம் விளங்கிற்று. ஒருத்தர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார், ஒருத்தர் சத்தமில்லாத வண்டியில் அவருக்குப் பின்னால் பத்தடியில் காத்திருக்கிறார். நடுவில் ரிப்பேருக்கு வந்து செத்துப்போன டேங்கர் லாரி ஒன்று சுவர் மாதிரி நிற்கிறது. சொன்னால் இரண்டு பேருமே நம்பமாட்டார்கள். இவர், நான் எங்கே நின்றேன் என்பார், நாளையிலிருந்து நிற்கவும் மாட்டார். அவர், நின்றிருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா என்பார்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம், சலேத்தம்மாள் கோழிக்கூட்டுச் சந்துக்கு ஒரு கல்லை வைத்து அடைத்துவிட்டு, சைலன்சரைப் பழைய சேலையில் சுற்றி, எலிசம்மா ஒரு முனை தான் ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு மினிபஸ் ஏறினாள். புறவாசல் பெண்களுக்கு வருத்தம்தான். இனிமேல் துணி எடுப்பது எப்போது என்று கவலைப்பட்டார்கள்.

"என்னம்மா இது, பிணமா?" என்றார் கண்டக்டர்.

"சைலன்சர்."

"லக்கேஜ் போடணும்."

"போடுங்க, ஆனா அதுக்கு ஜன்னலோரம் வேண்டாம், சும்மா கெடக்கும்" என்று எலிசம்மா சொல்லி வாய் மூடவில்லை, டவுனில் மில் வாசலில் தொபியாஸ் சாவியைத் திருகியிருக்கவேண்டும், சேலைக்குள் அண்டா உருண்டது. டிரைவர் பதறிப்போய் பஸ்ஸை ஓரங்கட்டி, இறங்கி, முன்னால் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "தம்பி, ஏறி ஓட்டுங்க" என்று சலேத்தம்மாள் ஜன்னல் வழியாகச் சொன்னாள். "அது உங்க வண்டி இல்ல, எங்க வீட்டு அவிய வண்டி." பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் சந்தியாகுவிளைக்காரர்கள், "ஆமாமா, அண்ணாச்சி மில்லை விட்டுக் கெளம்பிட்டாவ" என்று ஒத்துப் பாடினார்கள். டிரைவர் மூடியைச் சாத்திவிட்டு, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார்.

ஒர்க்‌ஷாப்பில் கஸ்பார் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ ஒரு பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். காற்றடிக்கிற மிஷினில் மே மாசத்து மாலை சருகாகித் தொங்கியது. "வா சலேத்தா" என்றார், திரும்பவில்லை.  சலேத்தம்மாள் சைலன்சரில் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்து, அவர் காலடியில் அதைக் கிடத்தினாள். கஸ்பார் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இது என் கை" என்றார். ஒட்டு ஒட்டாகத் தடவினார். "இது கெபித் தகரம். இது உன் மதினி கேக் டப்பா, ஒரு மாசம் என்கிட்டப் பேசல. இது சேந்தன் கடை எண்ணெய் டின், எழுத்துகூட அழியல பாரு." தடவிக்கொண்டிருந்த கைக்கடியில் அது விக்கியது, கியர் மாற்றியது. கஸ்பார் கையை எடுக்கவில்லை. அவர் மெக்கானிக், சத்தம் வந்தால் எங்கிருந்து என்று கேட்கமாட்டார், என்ன கோளாறு என்றுதான் கேட்பார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, "மேட்டுல ஏறுதான். எதுக்கு ரெண்டாவதுக்கு இறங்குதான்? இது டர்போவுல்லா, மூணாவதுலயே சும்மா ஏறும். பழைய பயம் போகல இவனுக்கு" என்றார். பிறகு, "ஒரு இன்ஜெக்டர் ஒழுங்கா அடிக்கல. எவன் மாட்டினது?" என்றார். பிறகு, "கேட்டுல நிக்கான்" என்றார். அவர் கை தானாக ஸ்டவ்வுக்குப் போயிற்று. தண்ணீர் வைத்தது, தேயிலையைப் போட்டது.

சலேத்தம்மாள் முந்தானைக்குள் மணியைத் தொட்டாள். ஒன்று. இரண்டு. எலிசம்மாவும் உதட்டை அசைத்தாள். ஏழு. எட்டு. சைலன்சர் ஒரே இடத்தில் நின்று டப், டப் என்றது.

கஸ்பாருக்குக் கோபம் என்பது மனசில்தான் இருந்தது, காலுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் கால் எழுந்துவிட்டது, கை வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்துவிட்டது, கோபம் இருப்பது நினைவுக்கு வருவதற்குள் அவர் டேங்கரைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார். அங்கே வெள்ளை வண்டி பூனை மாதிரி நின்றுகொண்டிருந்தது. உள்ளே தொபியாஸ், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு.

"என்ன மாப்ள" என்றது கஸ்பாரின் வாய்.

தொபியாஸ் கண்ணாடியை இறக்கினார். "இருபத்தாறு நாளா நிக்கேன் மச்சான்."

"சத்தமில்லாம வந்து நின்னா நான் என்ன குறி பாக்கவா வே? இறங்கு. பானட்டத் திற."

தொபியாஸ் சாவியைத் திருகி அணைத்தார். உள்ளே, சலேத்தம்மாளின் காலடியில், சைலன்சர் அந்த இடத்தில் முதல் தடவையாக வாயை மூடியது. அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்டவ்வில் டீ பொங்கி வழிந்தது.

வெளியே வந்து பார்த்தபோது இரண்டு பேரும் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள், முதுகு மட்டும்தான் தெரிந்தது. "உங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு மச்சான்" என்று ஒரு முதுகு சொன்னது. "சொல்லியிருந்தா நானே இறக்கியிருப்பேன். மூணு வருஷமா அதான் சொல்லணும்னு பாக்கேன், உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல" என்றது இன்னொரு முதுகு. கஸ்பார் ஒரு கிளாம்பைக் கழற்றி மாட்டினார், ஒரு குழாயை இறுக்கினார், சருகு மாலையை எடுத்து வந்து, உதிர்ந்தது போக மிச்சமிருந்த நாரை முன்னால் கட்டினார்.

"அண்ணே, மாலை..." என்று சலேத்தம்மாள் தொடங்கினாள்.

"பெனிட்டாவுக்கா? பூக்கடையில சொல்லி ஒரு மாசம் ஆச்சு. பன்னீர் ரோஜாவும் மருக்கொழுந்தும். நாளைக்கு ஓலை வாசிக்கும்போது ரெண்டாம் பூசைக்கு வாரேன், எனக்கும் ஒரு இடம் போட்டு வை." கையை நீட்டினார். "சாவியக் குடு மாப்ள. ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

இருபத்திரண்டு வருஷத்தில் ரோட்டில் ஓட்ட யாருக்கும் கொடுக்காத சாவியைத் தொபியாஸ் கொடுத்தார். வண்டி டவுன் பக்கமாகச் சத்தமில்லாமல் நழுவிப் போயிற்று. உள்ளே டபடபவென்று தொடங்கி, நடுவில் விக்கி, அண்டா உருண்டது. தொபியாஸ் துள்ளித் திரும்பினார். ரோட்டைப் பார்த்தார், வண்டி இல்லை. தகரத்தைப் பார்த்தார், அது மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தது.

"அட மாதாவே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ மக்ரூனு..."

"எல்லாம்தான்" என்றாள் சலேத்தம்மாள், டீயை ஆற்றிக்கொண்டே.

தொபியாஸ் குழந்தை மாதிரி காதை அதனருகில் வைத்துக்கொண்டார். கேட். குலுங்கிக் குலுங்கி ஒரு குழி. டவுன் எல்லை. அங்கே, ஒரு இடத்தில், சத்தம் மொத்தமாக அணைந்தது. சலேத்தம்மாளும் எலிசம்மாவும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"அங்க அவனுக்கு என்ன வேலை?" என்றார் தொபியாஸ்.

"உங்களுக்கு என்ன வேலையோ அதேதான். அண்ணனுக்குச் சர்க்கரை முன்னூறு, மதினிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சாவ" என்று சொல்லி அவள் மணியை எடுத்தாள். தொபியாஸும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூடச் சொன்னார். அருள்நிறைந்த மரியே ஒன்று. இரண்டு. மூன்று. சத்தம் இல்லை. நான்கு. ஐந்து. ஆறாவது மரியே முடிந்ததும் தொபியாஸ் கவலையோடு எழுந்து, வாசலில் போய் நின்று, ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணாவது மிச்சம் வைப்பானா?" என்றார்.